நெய்யூருக்குப் போகும் பஸ்

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகவேண்டிய ராஜையனின் பஸ், 1949 கார்த்திகை முதல், யார் ஓட்டினாலும் தக்கலையில் வலப்பக்கம் திரும்பி, நெய்யூரில் நேசபாயின் தாய்வீட்டு வாசலில் போய் நின்று ஹாரன் அடித்தது. நேசபாய் ராஜையனின் மனைவி. பெட்ரோல் ரேஷனில் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் ராஜையன் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துப் புளிக்கப்போட்டு, வடித்த சாராயத்தைப் பஸ்ஸுக்கு ஊற்றினார். சபையின் பெண்கள் மதுவிலக்குச் சங்கச் செயலாளரான நேசபாய், சாராயம் காய்ச்சுகிற வீட்டில் ஜெபம் ஏறாது என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினாள். கிழங்கு அவளுக்குச் சீதனமாக வந்த விளைத் தோட்டத்தில் விளைந்தது. பஸ் அங்கே போவதற்கு ஊரார் அதற்குமேல் காரணம் தேடவில்லை.

ராஜையனுக்கு அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. போய்க் கூப்பிடவும் வாய் வரவில்லை, பஸ்தான் போய்க்கொண்டிருந்தது. நாகர்கோவில் கோர்ட்டுக்குப் புறப்பட்டவர்கள் நெய்யூரில் இறங்கி, வாய்தா தவறியதற்கு நேசபாயைத் திட்டினார்கள். குடித்த பஸ்ஸில் வருகிறவர்களிடம் தான் பேசுவதில்லை என்று அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் போதகரிடம் முறையிட்டார்கள். குடிகாரரைத் திருத்தச் சபையில் ஒரு முறை உண்டு: ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னும் வலக்கையைத் தூக்கி, இனிக் குடிப்பதில்லை என்று பொருத்தனை செய்யவேண்டும். பஸ்ஸைக் கோயில் முற்றத்தில் நிறுத்தினார்கள். கை தூக்கவேண்டிய இடத்தில் வைப்பர் தானாக எழுந்து நின்றது. ரேஷனும் அதற்குள் தளர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து பஸ் பெட்ரோல் மட்டும் குடித்து, தக்கலையில் தலை திருப்பாமல் நேரே நாகர்கோவில் போனது.

நேசபாய் முதலில் ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு ஹாரன் கேட்கவேண்டிய வேளையில் வாசலைப் பெருக்கினாள். பெருக்கப் பெருக்க வாசல் இடுப்பளவு பள்ளமாயிற்று. ஒருநாள் பள்ளத்திலிருந்து ஏறி, தக்கலைக்கு நடந்துபோய், நடுரோட்டில் பஸ்ஸை மறித்தாள்.

"ஏலே இஸ்ரவேலு, வண்டி எதுக்குல அங்க வரல்ல?"

டிரைவர் இஸ்ரவேல் தலையைச் சொறிந்தான். "இப்பம் பெட்ரோல்லா குடிக்குது அக்கா. அதுக்கு ரோடு மட்டுந்தான் தெரியுது."

செயலாளர் சேலை மடிப்பிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். அதே விளையில் ஆள் விட்டுக் கிழங்கு பிடுங்கி, தாய்வீட்டில் அவளே காய்ச்சியது. ஊற்றியதும் பஸ்ஸுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்தவுடன், திருப்பி நிறுத்துவதற்குக்கூடப் பொறுக்காமல், பயணிகளோடு பின்பக்கமாகவே குலசேகரம் வரை ஓடியது.

ராஜையன் வாசலுக்கு வந்தார். "கிழங்கு அடுப்புல கெடக்கு" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"திங்கவா, காய்ச்சவா?"

"திங்கத்தான்."

அவள் உள்ளே போனாள்.

அதன்பின் பஸ் எதைக் குடித்தாலும் நாகர்கோவிலுக்கே போனது, புருஷன் பெண்டாட்டிச் சண்டை நாட்கள் தவிர. ஆகவே குலசேகரத்தில் டிக்கெட் எடுக்குமுன், ராஜையன் வீட்டில் இன்று எப்படி என்று கேட்டுக்கொள்வார்கள். சண்டை என்றால் கோர்ட்டுக்காரர்கள் நடந்துபோவார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏறி இடம் பிடிப்பார்கள்.