எனக்குப் பிடிக்காத இடுக்கிகள்

நான் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்குள், நாற்பத்தெட்டு கார்க் திருகிகள் இருக்கின்றன. மது பாட்டிலின் வாயிலிருந்து தக்கையைப் பிடுங்கும் கருவிகள். வெள்ளிப் பிடி போட்டது, எலும்புப் பிடி போட்டது, மான்கொம்பு போட்டது என்று எல்லாம் என்னைவிட மூத்தவை. தொழிலில் நான் பல் டாக்டர். நாள் முழுக்க வாயிலிருந்து பிடுங்குகிறவன் ஓய்வு நேரத்திலும் பிடுங்குவதையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அவளுக்குத் திருகிகள்மேல் கூடக் கோபமில்லை. கட்டிலுக்கு அடியிலும் பரண்மீதும் அட்டைப்பெட்டிகளில் தூங்கும் அறுபத்தோரு ஐஸ் இடுக்கிகள்தான், ஐஸ் கட்டியை எடுத்துக் கோப்பையில் போடுகிற இடுக்கிகள்தான், அவள் பிரச்சினை.

"நம்ம ஃப்ரிட்ஜுல ஐஸ் தட்டே கிடையாது. அறுபத்தோரு இடுக்கி இருக்கு. பனிமலை ஏதாவது விலைக்கு வருதா?"

"வரட்டும், பார்க்கலாம்."

"உங்களுக்கே அது பிடிக்காது. அப்புறம் எதுக்குங்க வாங்கறீங்க?"

"அது ஒரு உத்தி."

"உத்தியைப் பெருக்கித் துடைக்கிறது நான்."

உத்தி இதுதான். பழம்பொருள் சந்தையில் எது வேண்டுமோ அதைப் பார்க்கவே கூடாது. கண் அங்கே போனால் விலை மேலே போகும். வேண்டாத ஒன்றைக் கையில் எடுக்க வேண்டும், அதற்காக அரைமணி நேரம் பேரம் பேச வேண்டும், காசைக் கொடுக்கும்போது கொட்டாவி விட்டபடி, "இந்தத் திருகியையும் சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ரெண்டு கண்ணாடி அக்காவின் கடையில் முதல் திருகியைப் பார்த்தபோது அதற்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் இடுக்கி கிடந்தது. அதை எடுத்தேன். அன்று வேறு எதையாவது எடுத்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது, மூக்கில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியும் வைத்திருப்பதால். ஒன்று சரக்கைப் பார்க்க, இன்னொன்று ஆளைப் பார்க்க. ஆளைப் பார்க்கும் கண்ணாடியின் பவர் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த வாரமும் நான் இடுக்கி எடுத்ததும் அவர் மனத்தில் முடிவு கட்டிவிட்டார்: பாவம், இந்த டாக்டருக்கு இடுக்கி என்றால் உயிர். அதன் பிறகு எங்கே பழைய வீடு காலியானாலும் எனக்காக இடுக்கி தேடி எடுத்துவைப்பார். திருகிகளை இலவச இணைப்பாகத் தள்ளிவிடுவார். என் அலமாரியில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான். வெட்கம் இருந்தது. ஆனால் அலமாரியைத் திறந்தால் வெட்கம் போய்விடும்.

போன ஞாயிறு என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் முழங்காலுக்கு எழுந்து நிற்பது சாதாரண விஷயமில்லை.

"கண்ணை மூடுங்க டாக்டர்."

மூடினேன். கையில் கனமாக எதுவோ வந்து உட்கார்ந்தது. திறந்தால், கழுகின் கால் மாதிரி நகங்கள் வைத்த வெள்ளி இடுக்கி. அசிங்கம் என்றால் அப்படி ஓர் அசிங்கம்.

"எப்படி?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயோ அக்கா, பேச்சே வரலை." அது உண்மை.

"மூணு கடை தள்ளி அந்தப் பழைய பெட்டி விக்கிறவர் இருக்காரே, அவர்கிட்ட இருந்தது. பார்த்ததும் உங்களுக்குன்னு தோணிடுச்சு. ஆசையைக் காட்டிட்டேன் பாருங்க, மனுஷன் விலையை ஏத்திட்டு உட்கார்ந்துட்டார். கடைசியில என்கிட்ட இருந்த ஒரு திருகியைக் குடுத்து மாத்திக்கிட்டேன்."

"என்ன திருகி?" கொட்டாவி விடப் பார்த்தேன். வரவில்லை.

"எலும்புப் பிடி. ஒரே பக்கமா திருகிக்கிட்டே போனா தக்கை தானா மேல வருமாம். பிடியோட நுனியில பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி ஒண்ணு வேற."

பாட்டில் கழுத்தில் படிந்த தூசியைத் தட்டுவதற்கான பிரஷ் அது. ஒரு பல் டாக்டர் திருகி சேர்க்கிறான் என்றால் அவன் கனவில் வருவது அது ஒன்றுதான். ஒன்பது வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த பிரஷ்ல முடியெல்லாம் உதிராம இருந்ததா?"

"உங்க தலையைவிட நல்லா இருந்தது."

மூன்று கடை தள்ளி, என் கனவு, ஒரு தகரப்பெட்டிமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நானே விரித்த வலையில் நானே போய்ப் படுத்திருக்கிறேன். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அது திரும்பி வரலாம். ஆனால் அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு?

போகட்டும் என்று முடிவு செய்தேன். இந்த மனுஷி எனக்காகச் சந்தோஷப்பட்டுப் பண்டமாற்று செய்திருக்கிறார். கழுகுக் காலைத் துணியில் சுற்றினேன். என் நல்ல மனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"இன்னொண்ணு கேளுங்க," என்றார் அக்கா. "மலைமேல ஒரு பழைய ஹோட்டலை மூடறாங்களாம். பெட்டி நிறைய இடுக்கி கிடக்குதாம். வர்ற வெள்ளிக்கிழமை பஸ்ல கிளம்பறேன். போக ஒரு நாள், வர ஒரு நாள்."

"இந்த முழங்காலோடவா?"

"உங்களுக்குத்தானே."

இடுக்கியைக் கீழே வைத்தேன். ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொன்னவனுக்குத் தன் வாய் திறக்கவில்லை.

"அக்கா, போகாதீங்க. எனக்கு இடுக்கி பிடிக்காது."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"இந்த இடுக்கியா?"

"எந்த இடுக்கியும். எனக்குத் திருகிதான். விலை ஏறிடும்னு... ஒன்பது வருஷமா..." மீதியைத் தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

அக்கா கழுகுக் காலை எடுத்து ஒருமுறை அழுத்தினார். நகங்கள் 'டக்'கென்று சேர்ந்தன.

"அன்னிக்கு என் கடைவாய்ப் பல்லை எடுக்கறப்ப, வலிக்கவே வலிக்காதுன்னு சொன்னீங்க."

"ஆமாக்கா."

"அதுவும் இப்படித்தானா?"

"கொஞ்சம்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி நிமிர்ந்தேன். தலையில் இருந்த கண்ணாடி கழன்று விழும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒன்பது வருஷம்! நான் போகாத வீடு இல்ல, தேடாத பெட்டி இல்ல!" பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நானும் வரேன்க்கா."

"உட்காருங்க. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்தா விலை ஏறிடும்."

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நேராகத் திருகியிடம் போகவில்லை. வழியில் யாரிடமோ வெயிலைப் பற்றிப் பேசினார். பெட்டிக்காரரிடம் போய், ஒரு பக்கக் கைப்பிடி அறுந்த பெரிய தோல்பெட்டியைத் தட்டினார், முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார், கிளம்பினார், திரும்பி வந்தார். பெட்டிக்காரர் கையை விரித்தார், வானத்தைக் காட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார். கால்மணி நேரம் ஆனது. கடைசியில் அக்கா பையிலிருந்து இடுக்கியை எடுத்து அலட்சியமாக நீட்டி, தகரப்பெட்டிமேல் இருந்ததைத் தாடையால் காட்டி, ஒரு கொட்டாவி விட்டார். எப்படிப்பட்ட கொட்டாவி! நான் ஒன்பது வருடம் விட்டதெல்லாம் வெறும் மூச்சு.

தோல்பெட்டியை இழுத்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். திருகியை என் கையில் கொடுக்கவில்லை. மற்ற சாமான்களுக்கு நடுவில் துணிமேல் வைத்துவிட்டு, என்னை ஸ்டூலிலிருந்து கிளப்பித் தான் உட்கார்ந்தார்.

"வாங்க டாக்டர். என்ன வேணும்?"

பழக்க தோஷம், என் கண் ஒரு தேநீர்க் கெண்டிமேல் போய் நின்றது.

"அங்க என்ன பார்வை?"

விரலை நீட்டினேன். "இது."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"எவ்வளவு ரொம்ப?"

"நேத்து ராத்திரி கூட கனவுல வந்தது."

அக்கா விலையைச் சொன்னார். மயக்க ஊசி போடாமல் சொன்னார். பேரம் பேச வாய் வந்தது, அவர் புருவம் உயர்ந்தது, வாய் போய்விட்டது. பர்ஸைக் கவிழ்த்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஏமாந்ததில்லை.

கிளம்பும்போது அந்தத் தோல்பெட்டியையும் என் பக்கம் தள்ளினார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க. உத்திக்கு வாங்கினது. எனக்குப் பிடிக்காது."

ஒற்றைக் கைப்பிடியில் தொங்கிய பெட்டி அடிக்கொரு தரம் முழங்காலில் இடிக்க, சட்டைப் பையில் இருந்த திருகியின் பிரஷ்ஷைக் கட்டைவிரலால் தடவியபடி, சந்தையின் நடுவே இளித்துக்கொண்டு நடந்தேன்.