ஒன்று கூட்டிச் சொன்ன கணக்கு

எங்கள் மணியக்காரருக்கு வாய் பெரிசு. 1943-இல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் துரை தருமபுரிக்கு வந்தபோது, இண்டூரிலிருந்து படித்தவர்கள் நாலு பேரை அனுப்புகிறேன் என்று யாரையும் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாலில் ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் என் தம்பி மாதையன்.

தம்பிக்கு வாயெல்லாம் பல். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சந்தையைச் சுற்றி வர அவனுக்கு வெகுநாள் ஆசை. எனக்கோ ஏழு மாதம். பர்மாப் பக்கம் போனவர்களைப் பற்றி ஊரில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சோறு இறங்கவில்லை. இவர் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

"போவலைன்னா மணியக்காரரு மூஞ்சியில முழிக்க முடியாது கோவிந்தம்மா. போயிட்டுத் தோத்து வந்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர்.

தோற்க வழி இருந்தது. இந்த முறை ஒயர்லெஸ் வேலைக்கு மட்டும்தான் ஆள். அதற்குப் புத்திப் பரீட்சை என்று ஒன்று வைத்தார்கள். பலகையில் ஒரு படம் போட்டு, இதில் எத்தனை முக்கோணம், எத்தனை சதுரம் என்று எண்ணச் சொல்வார்களாம். தப்பாகச் சொன்னவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பென்னாகரத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் சொன்னது.

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல நாக்கு எழாது. அதனால் பொய்யையும் நானே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ரொம்பத் தப்பாச் சொன்னா, வேணும்னே சொல்றீங்கன்னு கண்டுக்குவாங்க. நல்லா எண்ணுங்க. எண்ணி முடிச்சு ஒண்ணு கூட்டிச் சொல்லுங்க."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு தப்புனாலும் தப்பு தப்புதானுங்க."

காலையில் போனார்கள். பொழுது சாயும் நேரத்துக்குத் தம்பி மட்டும் முதலில் வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னை வூட்டுக்குப் போன்னுட்டாங்கக்கா" என்று சொல்லி, வாசல் மண்ணில் அந்தப் படத்தைக் குச்சியால் போட்டுக் காட்டினான். பெரிய முக்கோணம் ஒன்று. அதன் மூன்று பக்கத்தின் நடுவையும் ஒன்றோடொன்று சேர்த்து உள்ளே மூன்று கோடு. பாகம் பிரித்த காடு மாதிரி இருந்தது.

"நாலு" என்றேன்.

"நானும் நாலுன்னுதான் சொன்னேன். மத்த ரெண்டு பேரும் அதேதான். அஞ்சாம். வெளியில இருக்கிற பெரிசையும் ஒண்ணுன்னு சேத்துக்கணுமாம். காட்டை நாலாப் பிரிச்சா நாலு பாகந்தானேக்கா? மொத்தக் காட்டையும் எவனாச்சும் ஒரு பாகம்னு எண்ணுவானா?"

"மாமா எவ்ளோ சொன்னாரு?"

"அஞ்சு. அவரு ஒருத்தருதான்" என்றான், பொறாமையை மறைக்காமல்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நானும் அதைத்தான் செய்திருந்தேன். தம்பி போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். தேறினவனைக் கட்டாயப்படுத்துவதில்லையாம், இஷ்டமா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் வந்து கை கால் கழுவி உட்கார்ந்தார். களியும் குழம்பும் வைத்தேன்.

"நாலுதான் எண்ணினேன். நீ சொன்னபடி ஒண்ணு கூட்டினேன்" என்றார்.

"சரி, ஆனது ஆச்சு. இஷ்டமான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டார். வாயில் போடவில்லை.

"அந்தத் துரை எழுந்து வந்து எனக்குக் கை குடுத்தாரு. சென்னப்பா, இத்தனை பேருல நீ ஒருத்தன்தான் புத்தியோட எண்ணினேன்னாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்நேரத்துல போய், நான் எண்ணினதும் நாலுதான், எனக்கு இஷ்டமில்லைன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. திட்டலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவரை யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை. கட்டிக்கொண்ட நானும் சொன்னதில்லை.

"எப்போ போவணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"திங்கக்கிழமை" என்றார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.