பயில்வான் பேணியும் முதல் இலையும்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், லிஃப்ற் இல்லாத தொடர்மாடியின் நான்காம் மாடிக் கதவில், 'எஸ். நமசிவாயம், பிரதிப் பணிப்பாளர் (ஓய்வு)' என்று ஒரு பித்தளைப் பலகை தொங்கியது. எந்தத் திணைக்களம் என்று பலகை சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்வதற்கென்று அவர் அந்த இடத்தை விட்டு வைத்திருந்தார்.

நிறை நூற்று முப்பத்தெட்டுக் கிலோ. "எங்கட பரம்பரை உடம்பு" என்பார். பரம்பரையின் பிரதிநிதியாக அவருடைய தகப்பனார் ஈர்க்கு மாதிரி நிற்கிற படம் ஒன்று விறாந்தைச் சுவரிலேயே இருந்தது. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

2007 புரட்டாதியில் ஒரு விடிகாலை ஒழுங்கை முழுவதையும் ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே வரவேண்டும். இறங்குவது எப்படியோ நடந்துவிட்டது. ஏறும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் நமசிவாயம் படியிலேயே இருந்துவிட்டார். உதடு நீலம் பாரித்தது. கீழே அவரைச் சோதித்த அதே ஆமிக்காரன் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மூன்றாம் மாடிச் சிவக்கொழுந்து வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வந்து அவரை இருத்தி, அவருடைய அடையாள அட்டையாலேயே அவருக்கு விசிறினான். "அங்கிள், ஹெமின், ஹெமின்" என்றான். மெல்ல, மெல்ல.

"சந்தேகப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பன்," என்று நமசிவாயம் பிறகு மனைவியிடம் சொன்னார். "பாவம் பாத்திட்டான், நாகேஸ்."

நாகேஸ்வரிக்கு ஆமிக்காரனின் இரக்கம் பிரச்சினையாக இருக்கவில்லை. அவளுடைய பயம் வேறு. அவர் நித்திரையில் மூச்சை நிறுத்திவிடுவார். கொஞ்சம் பொறுத்து, மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோலத் திரும்ப இழுப்பார். அந்த இடைவெளிகளை அவள் பல மாதங்களாக விழித்திருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் ஒரு நாள் ஞாபகம் வராமல் போகலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

எனவே ஒப்பரேசன். உடம்பு குறைய, வயிற்றுக்குள் இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டி போடுவது. செலவை லண்டன் மகள் பார்த்துக்கொண்டாள். டொக்டர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். அதற்கு முதல் பத்து நாளும் சோறு, கறி, பலகாரம் எதுவும் கூடாது. புறோட்டீன் மா கரைத்துக் குடிக்க வேண்டும். அப்போதுதான் ஈரல் சுருங்கி வழி விடும். "ஏமாத்தினால் எனக்கு உள்ளுக்குத் தெரியும். கமராவை விட்டுப் பாத்திட்டு, அப்பிடியே வெளியில எடுத்துப்போட்டுத் தைச்சு அனுப்பிவிடுவன்."

நமசிவாயமும் ஒரு நிபந்தனை வைத்தார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது. "அவற்ற கொழுப்பை டொக்டர்தான் வெட்டவேண்டிக் கிடக்கு எண்டு சனம் கதைக்கும்."

மாவைப் பற்றிக் கதைக்க டொக்டர் அவர்களைப் பக்கத்து அறைக்கு, உணவு ஆலோசகர் ரபீக்காவிடம் அனுப்பினார். நமசிவாயம் போன உடனேயே, "விலை ஒரு பிரச்சினையில்லை" என்று அறிவித்தார். விலையைக் கேட்டதும் சால்வையைச் சரிசெய்துகொண்டு, வெளியே காற்று வாங்கப் போனார்.

மேசையில் இரண்டு மாப் பேணிகள் இருந்தன. ஒன்றில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நரைத்த வெள்ளைக்காரர் சிரித்தார். மற்றதில் ஒரு பயில்வான், மேற்சட்டை இல்லாமல், யாரோடோ கோபமாக நின்றான்.

"ஆன்ட்டி, படத்தப் பாக்க வாணாம்," என்றாள் ரபீக்கா. "பின்னால திருப்புங்க. ஒரு கரண்டிக்கு எவ்வளவு புரோட்டீன், எவ்வளவு சீனி, அது ரெண்டுதான் கணக்கு. பாத்தீங்களா, ரெண்டும் ஒன்னுதான்."

"அப்ப ஏன் பிள்ளை இது பாதி விலை?"

"அவர் சிரிக்கிறார்ல? சிரிக்கிறதுக்குத்தான் சல்லி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா கவனம். ஒடம்பு ஏத்துற மாவுலயும் இதே பயில்வான்தான் நிக்கிறான். அது முழுக்கச் சீனி. பின்னால பாக்காம எடுத்துறாதீங்க."

வெள்ளவத்தையில் வாங்கினால் பேணி வீட்டுக்கு வருவதற்கு முன் செய்தி வந்துவிடும். ஆகவே நாகேஸ்வரி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நோபேட் என்பவர் தேகப்பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டு, வாசலில் மாவும் விற்றார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பேணியின் முதுகையும் வாசித்த சேலைக்காரியை அவர் சுவாரஸ்யமாகப் பார்த்தார்.

"மகனுக்கா அன்ரி?"

"மனுசனுக்கு."

"அங்கிள் போட்டியில இறங்குறாரா?"

"ஓம். வாற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள்."

"நாங்க எல்லாரும் மாதாவிட்ட மன்றாடுறம், அன்ரி," என்றார் நோபேட், மிகுந்த மரியாதையோடு.

பயில்வானைக் கண்டதும் நமசிவாயத்துக்கு ரோசம் வந்தது. "ஒரு பிரதிப் பணிப்பாளர் குடிக்கிற சாமானே இது?"

"பணிப்பாளருக்கெண்டு தனி மா இல்லையாம். கேட்டனான்," என்று பொய் சொல்லி, நாகேஸ்வரி பயில்வானைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

தீபாவளி ஆட்டிறைச்சியோடு அவர் சாப்பாட்டிடம் விடைபெற்றார். மா தொடங்கி இரண்டாம் நாள் காலை, அன்று அவரோடு மேலே போய்விட்ட கதிரையைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு இத்தனை நாள் பொறுத்திருந்த சிவக்கொழுந்து, அதை எடுத்துப் போக மேலே வந்தாள். நமசிவாயம் கையில் வெள்ளையாக ஒரு கிளாஸ். மேசையில் இடியப்பம் இல்லை, சம்பல் இல்லை. அன்று கந்தசஷ்டி தொடங்கிய நாள்.

சிவக்கொழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணை! பாலோட மட்டுமோ? ஆறு நாளும்?"

நமசிவாயம் வாயைத் திறந்தார். உண்மை பக்கத்தில்தான் நின்றது. ஆனால் கும்பிட்ட கை அதற்கு முன்னால் நின்றது.

"ஏதோ, முருகன் விடுகிற வழி," என்றார்.

மத்தியானத்துக்குள் தொடர்மாடி முழுவதும் தெரிந்துவிட்டது. பின்னேரத்துக்குள் கோயிலுக்குத் தெரிந்துவிட்டது. நாகேஸ்வரியும் அன்றுதான் விரதம் தொடங்கியிருந்தாள். இவருடைய ஒப்பரேசன் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று, பாலும் ஒரு வாழைப்பழமும். அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பெண்கள் விரதம் பிடிப்பது செய்தியல்ல.

மூன்றாம் நாள் நமசிவாயம் மூக்கைச் சுருக்கினார். "நீர் குசினிக்குள்ள பொரிச்சுச் சாப்பிடுறது இஞ்சவரைக்கும் மணக்குது. விரதகாரனை யோசிக்க வேணும்."

மணம் முதலாம் மாடியிலிருந்து வந்தது. நாகேஸ்வரி யன்னலைச் சாத்தினாள்.

நாளுக்கு நாள் அவருடைய விரதம் வளர்ந்தது. முகத்தில் ஒளி வந்துவிட்டதென்று சனம் சொல்ல, குளியலறைக் கண்ணாடியில் தனியே போய்ப் பார்த்து, ஓம் என்று அவரும் ஏற்றுக்கொண்டார். பசி என்பது மனத்தின் அலட்டல் என்று படிக்கட்டில் நின்று இளைஞர்களுக்கு விளக்கினார். ஆறாம் நாள், சூரன்போர் முடிந்த கையோடு, கோயில் செயலாளர் நாகேந்திரம் அவரை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வீடு போக வேண்டிய சனம் மணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்க, நமசிவாயம் புலனடக்கத்தைப் பற்றி அடக்கமில்லாமல் பேசினார்.

முடிவில் நாகேந்திரம் ஒலிவாங்கியை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டு அறிவித்தார். "நாளைக் காலமை பாறணை. முதல் இலை எங்கட நமசிவாயம் சேருக்கு. சேர் கை வைச்ச பிறகுதான் மற்ற ஆக்கள்."

அப்போதுதான் நமசிவாயத்துக்குப் பாறணை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. விரதம் பிடித்தவன் விரதத்தை முடிக்க வேண்டும். சோற்றால்.

காலி வீதியில் நடந்து வரும்போது ரகசியமாகச் சொன்னார். "ஒரு பிடி. ஒரு வடை. அதுக்கு ஈரல் என்ன செய்யப்போகுது?"

"உங்களுக்கு ஒரு பிடியில கை நிண்டதை நான் கண்டதில்லை."

"டொக்டருக்கு ஆர் சொல்லப்போறது?"

"நான்," என்றாள் நாகேஸ்வரி.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் நிலத்தில் பந்தி. நமசிவாயத்துக்கு மட்டும் முன்னால் ஒரு கதிரையும் மேசையும். இலையில் சோறு, பருப்பு, நெய், வாழைக்காய்க் கறி, வடை, பாயாசம். ஆறு நாள் பசியோடு அத்தனை பேரும் அவருடைய வலது கையையே பார்த்தார்கள். அவரும் அதைத்தான் பார்த்தார். அது தானாக நெய்ச் சோற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எதிரே பெண்கள் வரிசையில் நாகேஸ்வரி இருந்தாள். இலையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அவளுடைய காப்புகள் முன்கையில் இறுகி நிற்கிறவை. இப்போது மணிக்கட்டில் வந்து விழுந்து கிடந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. வீட்டில் ஆறு நாளாகப் பொரிச்சட்டி அடுப்பில் ஏறவேயில்லை என்பது பிரதிப் பணிப்பாளருக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் எழும்பினார்.

"சபையோரே," என்றார். வேறு மாதிரித் தொடங்க அவருக்குத் தெரியாது. பந்தி முனகியது, இன்னொரு பேச்சா?

"நான் விரதம் பிடிக்கேல்லை. நான் குடிச்சது பாலுமில்லை. பவுடர். எனக்கு வயித்தில ஒப்பரேசன், திங்கக்கிழமை. உடம்பு குறைக்க. இதில ஒரு வாய் வைச்சனெண்டால் டொக்டர் செய்யமாட்டார்." மூச்சு வாங்கினார். "விரதம் பிடிச்சது அவ. எனக்காக. நான் அதைக் கூடப் பாக்கேல்லை. நாகேஸ், வாரும். இதில இரும்."

நாகேந்திரத்தின் வாய் திறந்தபடி நின்றது. நாகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "என்னப்பா இது, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். வாரும்."

"போங்கோ பிள்ளை!" என்று வரிசையில் ஒரு கிழவி கத்தினாள். "ஆரெண்டாலும் தொடங்குங்கோ. உயிர் போகுது."

நாகேஸ்வரி வந்து, கதிரை நுனியில் இருந்து, முதல் பிடியை வாயில் வைத்தாள். மண்டபம் முழுவதும் கைகள் இலையில் விழுந்த சத்தம் மழை தொடங்கியது போலக் கேட்டது. நமசிவாயம் தூணோடு சாய்ந்து, இனி இந்த ஒழுங்கையில் எப்படி முகம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றாள் சிவக்கொழுந்து, வாயில் வடையோடு. "அந்தப் பவுடர் என்ன விலை?"

"என்ர மருமகனும் நூற்றிப்பத்துக் கிலோ சேர்," என்றார் நாகேந்திரம், பக்கத்தில் வந்து. "பாமசியில கேட்டால் காணி விலை சொல்லுறாங்கள்."

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். ஆனால் பதில் கதிரையிலிருந்து வந்தது. "கொட்டாஞ்சேனையில நோபேட்டிட்ட. பயில்வான் படம் போட்டது, பாதி விலை. பேணியின்ர பின்பக்கத்தைப் பாத்து எடுங்கோ, சீனி உள்ளதும் இருக்கு." சொல்லிவிட்டு அவள் பாயாசத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை டொக்டர் கமராவை உள்ளே விட்டார், பார்த்தார், வெளியே எடுக்காமல் வேலையைத் தொடங்கினார். அதில் அதற்கு மேல் கதையில்லை.

ஆனால் பாறணையன்று வீடு திரும்பும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் அந்தப் பிளாஸ்ரிக் கதிரை திரும்பவும் போடப்பட்டிருந்தது. முன்னால் ஓடிவந்த சிவக்கொழுந்தின் வேலை. நமசிவாயம் அதில் இருந்தார். நாகேஸ்வரி பக்கத்துப் படியில் இருந்து, பையிலிருந்த போத்தலை எடுத்துக் குலுக்கி மூடியைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்தார். குடித்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"பாயாசம் எப்பிடி?"

நாகேஸ்வரி அந்தப் பாயாசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்திருந்தாள்.

"வாயில வைக்கேலாது," என்றாள். "அடிப்பிடிச்சுப் போச்சு."