ஒன்றாம் சேனலைத் தொட்டது யார்?

மாமனாருக்கு ஒரு பழக்கம். பட்டறையில் எந்தக் குமிழைப் பார்த்தாலும் லேசாகத் திருகிவிட்டுத்தான் நகர்வார். புதிதாக வந்த, மூன்று சேனல்களில் வெவ்வேறு வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையோ கணினி சொல்கிறபடி மட்டும் நடந்தது. கட்டளை எழுதுகிறவள் மருமகள்.

“இன்னைக்கு வர்ற லிஃப்ட் போர்டு ஒழுங்கா தேறலைன்னா நாளையிலேருந்து நீ பழையபடி போன் எடும்மா. டெஸ்ட்டை நான் கையாலயே பாத்துக்கறேன்” என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

லிஃப்ட் கம்பெனிக்காரர் லிஃப்ட்டை இயக்கும் தன் போர்டைக் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றிக்கொண்டு வந்து, மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் சேனலில் ஐந்து வோல்ட், இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் இருபத்துநான்கு. மூன்றாவதை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். மருமகள் ‘மூன்றாம் சேனல்’ என்று ஒரே ஒரு தடவை கட்டளை கொடுத்தாள். அதற்குப் பிறகு வோல்ட்டை மட்டும் வரிசையாக அனுப்பினாள். இருபத்திரண்டு. இருபத்துமூன்று. போர்டில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் அந்தப் பக்கமாக வந்தார். குமிழைத் திருகினார். அசைவில்லை. கணினியின் பிடியில் இருக்கும்போது குமிழ் வேலை செய்யாது. அவருக்கு மனசு கேட்கவில்லை. பிடியை விடுவிக்கிற பட்டனை அமுக்கினார். ஐந்து வோல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றாம் சேனல் பட்டனையும் அமுக்கினார். இருந்தது. திருப்தியாக நகர்ந்தார்.

கணினி மறுபடி பிடித்துக்கொண்டு அடுத்த கட்டளையை அனுப்பியது: இருபத்துநான்கு. எந்தச் சேனலுக்கு என்று அதில் இல்லை. பவர் சப்ளை, அவர் கடைசியாகத் தொட்ட ஒன்றாம் சேனலையே ஏற்றப் பார்த்தது. வீல் என்று அதிலிருந்து ஓர் அலறல். போர்டில் எல்லா விளக்கும் அணைந்தது.

“ஐயோ, என் போர்டு!” என்று லிஃப்ட்காரர் எழுந்தே விட்டார். 

“பாத்தீங்களா? கம்ப்யூட்டரை நம்பினா இதான் கதி” என்றார் மாமனார்.

மருமகள் திரையைப் படித்தாள். “ஒண்ணும் ஆகலைங்க. ஒண்ணாம் சேனல் அஞ்சரை வோல்ட்டுக்கு மேல போனா நிறுத்திடுன்னு முதல்லயே சொல்லி வச்சிருந்தேன். ஆனா இது ஏன் ஒண்ணாம் சேனலுக்குப் போச்சு?” பவர் சப்ளையின் முகப்பைப் பார்த்தாள். “மாமா, இதைத் தொட்டீங்களா?”

“நானா? சும்மா பாத்தேன்.”

“பாக்கறதுக்கு விரல் எதுக்குங்க?” என்றார் லிஃப்ட்காரர்.

“என் மேலயும் தப்பு இருக்கு. ஒவ்வொரு தடவையும் சேனலைச் சொல்லியிருக்கணும்.”

“அப்படிச் சொல்லு!” என்று மாமனார் நிமிர்ந்தார்.

அவள் கட்டளைகளைத் திருத்தினாள். கூடவே இன்னொரு வரியும் சேர்த்து, முதலிலிருந்து ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

“இந்தப் பட்டன் செத்துப்போச்சும்மா.”

“சாகலை மாமா. பூட்டிட்டேன்.”

“யாரை, என்னையா?”

“பட்டனை.”

லிஃப்ட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். போர்டு கடைசி வரை தேறியது. “மீதி போர்டெல்லாம் நாளைக்குக் கொண்டுவரேன். இந்தப் பொண்ணே பாக்கட்டும்” என்று கிளம்பினார்.

மாமனார் அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தார். மருமகள் மெல்லக் கேட்டாள். “அப்ப நாளைக்கு போன் யாரு எடுக்கறது மாமா?”

“நான் எடுக்கறேன். அதுலயாவது பட்டனை அமுக்கினா ஏதாவது நடக்கும்.”