பக்கத்து வீட்டில் தீரும் வெயில்

1

இந்தக் கதை, எங்கள் மொட்டைமாடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கிடைத்தது. மேலே பேனல் மாட்டிக்கொண்டிருந்த சோலார்காரரிடம், நாங்கள் செலவழித்தது போக மிச்ச கரண்ட் எங்கே போகும் என்று கேட்டேன்.

"லைனுக்குத்தான். ஆனா ரொம்ப தூரம் ஓடாதுங்க. பக்கத்து வீட்ல ஃபேன் சுத்துனா அங்கயே தீந்துடும்."

உடனே கதைக்கு எனக்கு ஓர் அக்கா தேவைப்பட்டாள். பக்கத்து வீட்டில் அவளோடு பேச்சில்லாத ஒரு தங்கையும்.

நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் முதல் பக்கத்திலேயே பனி கொட்டும். எனக்கு வாய்த்தது வெயில். 'சூரியன் ஒரு பொன்னிறப் பறவையாக மாடியில் இறங்கி' என்று தொடங்கினேன். பறவை பேனலில் இறங்கினால் என்ன செய்துவைக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

2

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து இந்தப் பாதியில் அவள், அந்தப் பாதியில் தங்கை.

[சண்டைக்குக் காரணம்: முதலில் சொத்து என்று எழுதினேன். கதை தாங்கவில்லை. அடித்துவிட்டேன்.]

அக்காவின் மாடியில் பேனல் வந்த புதிதில் தங்கை காயப்போட்ட போர்வையின் நிழல் அதன்மேல் விழுந்தது. அக்கா கொடியையே அவிழ்த்துவிட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பேச அக்காவுக்கு ஆசைதான். ஆனால் முதல் வார்த்தை தன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

பேனல் கழுவ வந்த சோலார்காரர் அக்காவிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"அப்போ என் வெயில்ல அவ காத்து வாங்குறாளா?"

மறுநாளிலிருந்து உச்சிவெயிலில் அக்கா வீட்டில் எல்லாம் ஓடின. வாஷிங் மெஷின், மோட்டார், அயர்ன் பாக்ஸ். கரண்ட் போகும் திசையைக் கைபேசியில் காட்டும் அம்புக்குறி வெளிப்பக்கம் திரும்பினால் இன்னொரு சுவிட்ச். தரை துடைக்கும் துணியைக்கூடத் தேய்த்து மடித்தாள்.

"அடுத்து என்னைத்தான் தேய்க்கணும்" என்றார் சாப்பிட வந்த கணவர்.

"சுருக்கம் நிறைய இருக்கு. வாங்க."

(இங்கே எனக்குச் சந்தேகம். இவ்வளவு அல்பமாக ஒருத்தி இருப்பாளா? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இதுல என்னடி தப்பு?" என்றாள்.)

3

கதை நகரவில்லை. ஆகவே ஒரு மத்தியானம் தெரு முழுக்கக் கரண்டை நிறுத்தினேன்.

நமக்கென்ன என்று அக்கா சிரித்தாள். பிறகுதான் தன் தையல் மெஷினும் நின்றிருப்பதைப் பார்த்தாள். சோலார்காரருக்கு போன் போட்டாள்.

"லைன்ல கரண்ட் இல்லன்னா உங்க பேனலும் நின்னுடும்மா. கம்பத்துல வேலை பாக்குறவருக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுல்ல?"

நம்பாமல் மாடிக்கு ஏறினாள். பேனல்கள் கண் கூசப் பளபளத்தன. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு தங்கை. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வானத்தைப் பார்த்து ஜாடையாகச் சொன்னாள்:

"இவ்ளோ வெயில் காயுது, சில பேர் வீட்லயும் கரண்ட் இல்லையாம்!"

4

முடிவு ஒன்று: அக்கா விடுவிடுவென்று இறங்கிப் போகிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், நடுவில் கைப்பிடிச் சுவர் வயிற்றில் இடிக்க— வேண்டாம்.

மூன்றாவதற்கு நான் பேனாவைத் திறப்பதற்குள் அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

"உனக்கு அனுப்பி அனுப்பியேதான்டி எனக்கு இல்லாமப் போச்சு!"

"நீ அனுப்புனியா? ரெண்டு மாசத்துக்கொருக்கா பில்லு கட்றது நான்."

"வெயில் என்னுது."

"போர்வை என்னுது. அதக் கொடியோட அவுத்து வீசுனது யாரு?"

"அந்தக் கோடியில கட்டுடின்னு சொல்றதுக்குள்ள மூஞ்சியத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"அவுத்துட்டா சொல்லுவாங்க?"

கீழே கரண்ட் வந்து இரண்டு வீட்டிலும் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இருவரும் கவனிக்கவில்லை. இடையில் நுழைய எனக்கு ஒரு வரிகூட இடம் விடமாட்டேன் என்கிறார்கள். இப்போது பேச்சு போர்வையை விட்டு, சின்ன வயதில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதற்குப் போய்விட்டது.

எனக்குப் பசிக்கிறது. நீங்கள் இருந்து கேளுங்கள். கடைசியில் இருவரும் யார் வீட்டுப் படிக்கட்டில் இறங்கினார்கள் என்று மட்டும் எனக்கு வந்து சொல்லுங்கள்.