செடிக்குக் கிராப்

சலூன்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கை தானாக அங்கே போய்விடும். பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் பிடரியில் நாலு முடி தப்பி நின்றால், இறங்கும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது. மைத்துனர் தூங்கும்போது காது முடியை வெட்டிவிட்டு, இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோன வரலாறும் உண்டு.

இப்படிப்பட்டவர் வீட்டுக் கொல்லையில்தான் அவர் மனைவி ஒரு செடி வைத்தாள்.

கொல்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிய பிறகு அது எட்டடிக்கு ஆறடி இருட்டு. காலையில் கொஞ்சநேரம் வெயில் எட்டிப் பார்க்கும். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டது போலத் திரும்பிவிடும். நிழலிலும் பூக்கிற வாசனைச் செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டு, ஒரு கார்டேனியாவை வாங்கிவந்து படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழே நட்டாள். வெள்ளைப் பூ. ஒன்று மலர்ந்தால் அறையே மணக்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார்.

நாலு வருடம் ஆயிற்று. செடி பச்சைப்பசேலென்று, உருண்டையாக, முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி நின்றது. பூ மட்டும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு முதுகில் வலி வந்தது. அதற்கு ஒரு பெயர் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. கண்டுபிடித்தபின் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. கட்டில் ஜன்னலோரம் நகர்ந்தது. எத்தனை மாதம் என்று சலூன்காரர் கேட்டதற்கு டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்துவிட்டு, "மழை முடியறவரைக்கும்னு வெச்சுக்குங்க" என்றார்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"பெரிசா ஒண்ணும் கேக்கலங்க," என்றாள் ஒருநாள். "அந்தப் பூவை ஒரே ஒரு தடவை மோந்து பாத்துட்டாப் போதும். எல்லாம் என் தப்புதான். இருட்டுல கொண்டுபோய் வெச்சுட்டேன். அது என்ன பண்ணும், பாவம்."

அவர் செல்போனில் செடியைப் படம் எடுத்துக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"செடி அம்சமா இருக்கேண்ணே. எப்படி இவ்ளோ உருண்டையா?"

"நான்தான் மாசாமாசம் வெட்டிவிடறேன் தம்பி," என்றார் சலூன்காரர், கொஞ்சம் பெருமையாகவே. "மொதல் ஞாயித்துக்கெழமை. நுனி மட்டுந்தான்."

"நுனியிலதானேண்ணே மொட்டு வைக்கும்?"

சலூன்காரர் செல்போனைத் திரும்ப வாங்கி, படத்தில் நுனிகளைத் தேடினார்.

"நெழல் இதுக்கு ஒத்துக்கும்ணே. நீங்கதான் ஒத்துக்கல."

"இனிமே கத்திரியைத் தொடலன்னா?"

"நுனி வளரணும், முத்தணும், மொட்டுக் கட்டணும். மொட்டே ரெண்டு மூணு மாசம் அசையாம நிக்கும். மழை முடிஞ்சுதான் பூக்கும்ணே. இதை அவசரப்படுத்த முடியாது."

வீட்டுக்கு வந்ததும், நிழலுக்கு மருந்து கிடையாதாம் என்றார். ஒரு வாரம் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். எட்டாம் நாள், அவளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஸ்பூன் பாதி வழியில் நிற்க, நர்சரிக்காரர் சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் முதுகு வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"நாப்பத்தெட்டு கிராப்பு! ஒரு மொட்டு தப்பிக்கலயே. கெட்டிக்காரர்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, மூஞ்சில முழிக்காதீங்க" என்று சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கத் திரும்பவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடி கண்டபடி வளர்ந்தது. தூங்கி எழுந்த தலை மாதிரி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. சலூனில் ஆட்களுக்குச் சவரம் செய்யும்போதெல்லாம், மழை சீக்கிரம் வரட்டும் என்றும் வரவே வேண்டாம் என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டார்.

மழை வந்தது. ஆறு மொட்டு கட்டின. மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு, பச்சையாக. அதற்குள் அவள் பகலிலும் பெரும்பாலும் தூங்கினாள். இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார் நர்சரிக்காரர். டாக்டர் எதுவுமே சொல்வதில்லை.

"ஒண்ணை வெட்டிட்டு வாங்க," என்றாள்.

"எதைம்மா?"

"மொட்டைத்தான். உங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

"வெட்டினா மலராதும்மா."

"வெட்டாம விட்டா மட்டும் எனக்கு மலருமா?"

அவர் கத்திரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாகக் கத்திரி இரண்டு தடவை காற்றை வெட்டியது. மூன்றாவதில் மொட்டு கையோடு வந்தது. டம்ளர் தண்ணீரில் போட்டுத் தலைமாட்டில் வைத்தார். முதல் நாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் ஓரம் பழுத்தது. மூன்றாம் நாள் அவள் கேட்டு வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்சை வாசனைதாங்க வருது," என்றாள் கடைசியில். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. "எனக்குத் தெரிஞ்ச வாசனைதான். மாசாமாசம் ஜன்னல் வழியா வருமே. ஓ, இவர் செடிகிட்ட நிக்கறார்னு நெனச்சுக்குவேன்."

அதற்கு மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

மீதி ஐந்து மொட்டும் மழை விட்டபின் ஒரே வாரத்தில் மலர்ந்தன. வாசனை சுவர் ஏறி மாடிவரை போயிருக்க வேண்டும். மூன்றாம் மாடிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஜம்முனு இருக்கே சார்! இந்த இருட்டுல எப்படி வளத்தீங்க? என்னதான் பண்ணணும் இதுக்கு?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க," என்றார் சலூன்காரர். "சும்மா விட்டாப் போதும்."

சொல்லிவிட்டு உள்ளே போய், ஜன்னல் கதவுகள் இரண்டையும் சாத்தித் தாழ் போட்டார். அப்படியும் அறை மணத்துக்கொண்டுதான் இருந்தது.