ஆக்ஸிஜனைக் குறைத்தவள்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தங்கையைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் இந்தக் கதை. அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நேற்று சாப்பிடும்போது, "இன்னைக்கு ஒருத்தருக்கு ஆக்ஸிஜனைக் குறைச்சேன்" என்றாள். மூச்சுத் திணறுகிறவருக்குக் குறைப்பதா? என் கை வாயருகே நின்றுவிட்டது.

2.
முதல் தொடக்கம்: 'வெள்ளுடையில் புயலாய்ப் பாய்ந்தாள் அந்தத்...'

படித்துவிட்டுச் சிரித்தாள். "எங்க யூனிஃபார்ம் நீலம். நான் பாயவும் இல்லண்ணா, நடந்துதான் போனேன். அங்க நாங்க ஓடினா எல்லாரும் பயந்துருவாங்க."

அடித்துவிட்டேன். நடந்தே போகட்டும்.

3.
வந்தவர் ஒரு பஸ் டிரைவர். பல வருடம் புகைத்து நுரையீரல் கெட்டவர். தங்கை ஆக்ஸிஜனை அளவாக வைத்தாள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை ஆவியாக முகமூடி வழியே கொடுத்தாள். அடுத்த கட்டிலில் ஒரு குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, அங்கே போனாள். அப்பா படும் பாட்டைச் சகிக்காத மகன் சுவரிலிருந்த ஆக்ஸிஜன் குமிழை முழுக்கத் திருகிவிட்டான். திணறல் அடங்கியது.

"அப்பா நல்லா தூங்குறாரு சிஸ்டர்," என்றான் திரும்பி வந்தவளிடம்.

(இங்கே மகனை வில்லனாக்கப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. நானாயிருந்தாலும் திருகியிருப்பேன்.)*

* இப்படிப்பட்ட நுரையீரலுக்கு ஆக்ஸிஜன் மிதமிஞ்சிப் போனால் உடம்பில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரும். பார்க்கத் தூக்கம் போலவே இருக்கும். 'அளவுக்கு மிஞ்சினால்' என்று பழமொழியை எழுத ஆரம்பித்தேன், "பரீட்சையா எழுதுற?" என்றாள்.

4.
முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குமிழைக் குறைத்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள்.

மகன் அவள் கையைப் பிடித்தான். "மறுபடி திணற வைக்கிறீங்களே."

"கைய விடுங்க தம்பி. அப்பாவக் கூப்பிட்டுட்டே இருங்க. தூங்க விடாதீங்க."

மூச்சுக்குத் துணையாக இயந்திரத்தை மாட்டினார்கள். மகன் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். மாலையில் டிரைவர் கண் திறந்தார். முகமூடியை விலக்கி, "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். மகனின் தலை குனிந்தது.

5.
முடிவு ஒன்று: நடந்ததைச் சொன்னாள், மகன் அழுதான்.

முடிவு இரண்டு: "நோய்தான் கொஞ்சம் முத்திடுச்சு" என்று மழுப்பினாள்.

எது நிஜம் என்று கேட்டேன்.

"அது எங்க மூணு பேருக்குள்ள. உன் கதைக்குக் கிடையாது."

கெஞ்சினேன். தட்டைக் கழுவப் போய்விட்டாள். உயிரைக் காப்பாற்றியவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் வாயைத் திறக்காததில்தான் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பேனா இனி உங்களுடையது. எழுதுமுன் அந்தப் பையனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். என் தங்கை அவர் பக்கம் குனிந்து சொன்னாள்: "